பழைய கேமராவுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? ஃபிலிமும் ஸ்டாப் கணக்கும்

பரணில் கிடந்த கேமராவை இறக்கித் தூசி தட்டி, ஒரு ரோல் ஃபிலிம் போட்டுப் பார்க்கிறவர்கள் மறுபடியும் கண்ணில் படத் தொடங்கியிருக்கிறார்கள். 2024இல் பென்டாக்ஸ் நிறுவனம் 'பென்டாக்ஸ் 17' என்று புத்தம் புதிய ஃபிலிம் கேமரா ஒன்றையே சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆர்வம் எல்லாம் சரி, முதல் ரோலைக் கழுவி வாங்கிய பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு படம் பளிச்சென்று இருக்கும், அடுத்தது சாம்பல் பூத்துப் புள்ளி புள்ளியாக இருக்கும். பத்து வருடம் முன்பே காலாவதியான ஃபிலிமில் ஒருவர் எடுத்தது அழகாக வந்திருக்கும். கடையில் அன்றைக்கு வாங்கிய ஃபிலிமில் இன்னொருவர் எடுத்தது பல்லிளிக்கும்.

"கேமரா பழசு, அப்படித்தான் வரும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கேமரா மேல் பெரிய குற்றம் இருக்காது. ஃபிலிமுக்குப் போய்ச் சேர வேண்டிய வெளிச்சம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இந்த வெளிச்ச அளவைத்தான் எக்ஸ்போஷர் என்கிறோம். அதைக் கணக்கிட ஒரே ஓர் அலகு போதும். அதன் பெயர் ஸ்டாப். காலாவதி ஃபிலிம், ஒரே ஃபிரேமில் இரண்டு படம், ஊசித்துளைக் கேமரா, ஃபிலிமைத் திருப்பிப் போட்டு எடுப்பது என்று பொழுதுபோக்குக்காரர்கள் செய்யும் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இந்த ஸ்டாப் கணக்குதான்.

ஃபிலிமுக்குள் என்ன நடக்கிறது

கணக்குக்கு முன்னால் கொஞ்சம் வேதியியல். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

ஃபிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசிய ஜெலட்டின் படலம். அதற்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் கணக்கில்லாமல் சிதறிக் கிடக்கின்றன. ஷட்டர் திறந்து மூடும் அந்தக் கண நேரத்தில் ஒரு படிகத்தின் மேல் போதுமான ஒளி விழுந்தால், அதில் ஒரு சில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்து சின்னப் புள்ளியாக நிற்கும். நாலைந்து அணுக்கள் சேர்ந்தாலே போதும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் படம் அப்போதே அங்கே பதிந்துவிட்டது. பிறகு டெவலப்பர் என்னும் ரசாயனக் கரைசலில் போடும்போது, புள்ளி விழுந்த படிகம் முழுவதும் கரிய வெள்ளியாக மாறுகிறது. புள்ளி விழாத படிகம் மாறாமல் இருக்கிறது. அதை ஃபிக்ஸர், அதாவது நம் ஆட்கள் ஹைப்போ என்று சொல்வது, கரைத்து வெளியேற்றிவிடுகிறது. (ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1819இல். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். நோய் வருவதற்கு இருபது வருடம் முன்பே மருந்து தயாராக இருந்த கதை.)

இதில் முக்கியமான விஷயம், ஒரு படிகத்துக்கு இரண்டே நிலைதான் உண்டு. புள்ளி விழுந்தால் கறுக்கும், விழாவிட்டால் கரைந்து போய்விடும். அந்தப் புள்ளி விழுவதற்குக் குறைந்தபட்ச ஒளி ஒன்று வேண்டும். காட்சியில் இருட்டான இடங்கள், அதாவது மரத்தடி நிழல், கறுப்புத் தலைமுடி, தொப்பிக்குக் கீழே இருக்கும் கண்கள், இங்கெல்லாம் இருந்து வரும் ஒளி மிகவும் குறைவு. அது அந்தக் குறைந்தபட்ச அளவைத் தொடவில்லை என்றால் நெகட்டிவில், அதாவது கழுவி வந்த ஃபிலிமில், அந்த இடம் வெறும் கண்ணாடிபோலத் தெளிவாக, ஒன்றுமில்லாமல் இருக்கும். எவ்வளவு நேரம் கழுவினாலும், எந்த ஸ்கேனரில் போட்டாலும், இல்லாத விவரம் வராது.

வெளிச்சமான இடங்களின் கதை வேறு. அங்கே ஒளி கூடக் கூட மேலும் மேலும் படிகங்கள் கறுத்துக்கொண்டே போகும். நெகட்டிவ் அடர்த்தியாகும், ஆனாலும் விவரம் சட்டென்று அழிந்துவிடாது. நெகட்டிவ் ஃபிலிமுக்குத் தரை கெட்டி, கூரை உயரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டலில் பழகி வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். டிஜிட்டல் கேமராவில் வெளிச்சம் அதிகமானால் வானம் வெளுத்துப் போய்விடும், மீட்க முடியாது. நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். அதனால் 'வானத்தைக் காப்பாற்று' என்று கை பழகியிருக்கும். அதே பழக்கத்தோடு நெகட்டிவ் ஃபிலிமில் எடுத்தால், சாம்பல் பூத்த படங்கள்தான் கிடைக்கும். ஃபிலிமில் முதலில் நிழலைக் காப்பாற்றுங்கள்.

ஸ்டாப் என்றால்

ஒளியை இரண்டு மடங்காக்கினால் ஒரு ஸ்டாப் கூட்டியதாக அர்த்தம். பாதியாக்கினால் ஒரு ஸ்டாப் குறைத்ததாக அர்த்தம். இரண்டு ஸ்டாப் கூட்டினால் நான்கு மடங்கு, மூன்று ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு. இவ்வளவுதான் கணக்கு.

கேமராவில் இருக்கும் எல்லா வளையங்களும் இந்த அலகில்தான் நகர்கின்றன. ஷட்டர் வேகத்தைப் பாருங்கள்: 1/500, 1/250, 1/125, 1/60, 1/30. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு நேரம். ஃபிலிம் வேகமும், அதாவது ஒளிக்கு அது காட்டும் உணர்திறனும், அப்படியே: ஐஎஸ்ஓ 100, 200, 400, 800. எண் இரட்டித்தால் அந்த ஃபிலிமுக்குப் பாதி ஒளி போதும்.

லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் மட்டும் முதலில் குழப்பும்: 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறிதாகிறது, அதோடு இரண்டு இரண்டு மடங்காகவும் போகவில்லை. காரணம் எளிது. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் இந்த எண், பெயர் எஃப் எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மில்லிமீட்டர், எஃப் 16 என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஒளியின் அளவைத் தீர்மானிப்பது துளையின் பரப்பு. பரப்பு பாதியாக வேண்டுமானால் விட்டத்தை 1.4ஆல் வகுத்தால் போதும். அதனால்தான் எண்கள் 1.4 மடங்காக ஏறுகின்றன. மனப்பாடம் செய்ய ஒரு குறுக்குவழி: ஒன்று விட்டு ஒன்றாகப் பார்த்தால் 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும்.

ரொம்பப் பழைய கேமரா கையில் கிடைத்தால் எண்கள் வேறு மாதிரி இருக்கும். 4.5, 6.3, 9, 12.5, 18 என்று அப்பர்ச்சரும், 1/25, 1/50, 1/100 என்று ஷட்டரும் போட்டிருக்கும். பயப்பட வேண்டாம், இதுவும் ஒவ்வொரு ஸ்டாப்பாகத்தான் நகர்கிறது, ஆரம்பப் புள்ளிதான் வேறு. ஃபிலிம் வேகத்துக்கு ஏஎஸ்ஏ என்றும் டின் என்றும் இரண்டு வரிசை இருக்கலாம். ஏஎஸ்ஏ என்பது இன்றைய ஐஎஸ்ஓ எண்ணேதான். டின் கணக்கில் 3 கூடினால் ஒரு ஸ்டாப்: 21 என்றால் 100, 24 என்றால் 200, 27 என்றால் 400.

மீட்டர் இல்லாமல் அளப்பது

பல பழைய கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரே கிடையாது. இருந்தாலும் செத்துப் போயிருக்கும். அதற்காகத்தான் 'சன்னி 16' என்ற பழைய விதி இருக்கிறது. நல்ல வெயிலில் அப்பர்ச்சரை 16இல் வையுங்கள். ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமான ஷட்டர் வேகத்தை வையுங்கள். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் என்றால் 1/125, ஐஎஸ்ஓ 400 என்றால் 1/500.

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் உள்ள தூரம் பெரிதாக மாறுவதில்லை, அதனால் உச்சிவெயிலின் பிரகாசமும் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த விதி வேலை செய்வது அதனால்தான். காலையும் மாலையும் சூரியன் தாழ்ந்து இருக்கும்போது இதை நம்பக் கூடாது.

மேகம் வந்தால் என்ன செய்வது? நிழலைப் பாருங்கள். தரையில் விழும் உங்கள் நிழலின் ஓரம் கத்தி போட்டு நறுக்கியதுபோல் இருந்தால் எஃப் 16. ஓரம் மென்மையாகிவிட்டால் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தால் 8. நிழலே இல்லாமல் வானம் கனத்துக் கிடந்தால் 5.6. வெயில் நாளில் கட்டட நிழலுக்குள் நிற்கிற ஆளை எடுப்பதானால் 4. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப் இறங்குகிறோம்.

எஃப் 16தான் வைக்க வேண்டும் என்றில்லை. எஃப் 16இல் 1/125 தரும் அதே ஒளியை எஃப் 11இல் 1/250ம், எஃப் 8இல் 1/500ம் தரும். ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்துவிடுங்கள்.

கைபேசியில் லைட் மீட்டர் செயலி போட்டுக்கொள்வதும் நல்ல வழிதான், கெளரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த மீட்டரும் ஒரு விஷயத்தில் அப்பாவி. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் 'வெளிச்சம் அதிகம்' என்று குறைக்கச் சொல்லும், சுவர் படத்தில் சாம்பலாகிவிடும். கறுப்புப் பூனையைக் காட்டினால் கூட்டச் சொல்லும், பூனை வெளுத்துவிடும். வெயிலில் நிற்கும் முகத்துக்குப் பின்னால் வானம் இருந்தால், வானத்தைச் சேர்த்து அளக்காமல் கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து அளந்துவிட்டு, பிறகு நிமிர்த்தி எடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களின் பாதிப் படங்கள் இந்த ஒரு பழக்கத்திலேயே தேறிவிடும்.

கை தாராளமாக இருக்கட்டும்

கலர் நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு ஸ்டாப் அதிக வெளிச்சத்தைச் சாதாரணமாகத் தாங்கும். சில ஃபிலிம்கள் மூன்றும் தாங்கும். அதே ஃபிலிமில் ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல்கள் சகதியாகி, புள்ளி புள்ளியாகக் கிரெய்ன் எழும்பி, நிறம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பிக்கும். அதனால் சந்தேகம் வரும்போதெல்லாம் கூட்டியே வையுங்கள். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை மீட்டரில் 200 என்று வைத்து எடுப்பது பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். என் கருத்தில் முதல் ஐந்தாறு ரோலுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

அந்தக் கால அட்டைப்பெட்டிக் கேமராக்கள் இந்தத் தாராளத்தை நம்பித்தான் செய்யப்பட்டன. கோடாக் பிரவுனி 1900இல் வந்தது. அதன் வாரிசுகளில் பலவற்றில் மாற்றுவதற்கு எதுவுமே கிடையாது. அப்பர்ச்சர் ஏறக்குறைய எஃப் 11க்கும் 16க்கும் நடுவில், ஷட்டர் 1/30 முதல் 1/50 வரை, அவ்வளவுதான். எஃப் 16, 1/30 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இன்றைய ஐஎஸ்ஓ 100 ஃபிலிமைப் போட்டு நல்ல வெயிலில் எடுத்தால் தேவை 1/125, கிடைப்பது 1/30. இரண்டு ஸ்டாப் அதிகம், நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். மேகமூட்டமான நாளில் எஃப் 8 தேவைப்படும், அதாவது இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். கணக்கு அச்சாகப் பொருந்திவிடுகிறது. ஒரே அமைப்பில் வெயிலும் மேகமும் இரண்டும் கைக்குள். ஆனால் அதே பெட்டியில் ஐஎஸ்ஓ 400 போட்டால் வெயிலில் நான்கு ஸ்டாப் அதிகமாகிவிடும், அது கொஞ்சம் ஓவர். பெட்டிக் கேமராவுக்கு 100 ஃபிலிம்தான் சரியான ஜோடி.

ஸ்லைடு ஃபிலிமுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதில் நெகட்டிவ் கிடையாது, கழுவியதும் நேராகப் படமே வந்துவிடும். அரை ஸ்டாப் கூடினாலே வெளிச்சப் பகுதி வெளுத்துப் போகும். டிஜிட்டல்போல எண்ணிக்கொண்டு எடுங்கள். மீட்டர் இல்லாத பழைய கேமராவில் முதல் ரோலாக ஸ்லைடு போடுவது வேண்டாத வேலை.

கேமரா சொல்லும் பொய்கள்

கணக்கு நீங்கள் சரியாகப் போட்டாலும், நாற்பது ஐம்பது வருடத்துக் கேமரா அதைச் சரியாக நிறைவேற்றும் என்று சொல்ல முடியாது. ஃபிலிம் போடுவதற்கு முன்பு பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் செலவிடுங்கள்.

முதலில் ஷட்டர். ஒரு நொடி வைத்து அழுத்திவிட்டு, பின்பக்கம் வழியாக வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். லென்ஸுக்குள் ஷட்டர் இருக்கும் கேமரா என்றால் உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் 'ர்ர்ர்' சத்தம் ஒரே சீராகக் கேட்க வேண்டும். நடுவில் தயங்கினாலோ, நின்று போய் விரல் தட்டியதும் மூடினாலோ, உள்ளே போட்ட கிரீஸ் இறுகிவிட்டது என்று அர்த்தம். அரை நொடி, கால் நொடி, 1/8 என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும். மெதுவான வேகங்கள்தான் முதலில் படுக்கும். 1/125, 1/250 பெரும்பாலும் பிழைத்திருக்கும். வெயிலில் எடுக்க அவை போதும். இதில் ஓர் ஆறுதல், இறுகிய ஷட்டர் மெதுவாகத்தான் ஓடும், அப்படி ஓடினால் ஒளி கூடும், நெகட்டிவ் அதை மன்னித்துவிடும்.

அடுத்து அப்பர்ச்சர் தகடுகள். வளையத்தைத் திருப்பும்போது துளை சுருங்கி விரிகிறதா? லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமரா என்றால் படம் எடுக்கும் கணத்தில் மட்டும்தான் தகடுகள் மூடும். அவற்றில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும், அல்லது மூடவே மூடாது. அப்போது நீங்கள் எஃப் 16 வைத்தாலும் ஃபிலிமுக்கு எஃப் 4இன் ஒளி போகும். அது நான்கு ஸ்டாப்.

மீட்டர் வேலை செய்கிறது என்று முள் ஆடுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். 1960, 70களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. மெர்க்குரி நச்சு என்பதால் அந்த பேட்டரிகளின் விற்பனை நின்றுபோனது. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். கூடுதல் மின்னழுத்தத்தில் பல மீட்டர்கள் வெளிச்சம் அதிகம் இருப்பதாகக் காட்டும், அதை நம்பி நீங்கள் குறைப்பீர்கள். நெகட்டிவுக்கு ஆகாத திசையில் போகும் பிழை இது. காது கேட்கும் கருவிகளில் போடும் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும், அதைப் பொருத்தினால் நிலைமை சரியாகும். லென்ஸைச் சுற்றித் தேன்கூடுபோல ஒரு வளையம் இருக்கும் கேமராக்களில், 1967இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 அவற்றில் பிரபலம், உள்ளே இருப்பது செலினியம் மீட்டர். பேட்டரியே வேண்டாம், வெளிச்சமே அதற்கு மின்சாரம். ஆனால் வயதாக ஆக அது பலவீனமாகிவிடும். கைபேசி மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாகப் பின்கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு. தொட்டால் விரலில் தார்போல ஒட்டினால் அதன் காலம் முடிந்தது. சுரண்டிவிட்டுப் புதுப் பஞ்சு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கோடுகள் விழும். ஏன் சிவப்பு? கலர் ஃபிலிமில் மூன்று அடுக்குகள் உண்டு. சிவப்பைப் பதிவு செய்யும் அடுக்கு எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி இருக்கிறது. பின்பக்கமாகக் கசியும் ஒளி முதலில் முட்டுவது அதன்மேல்தான்.

இனி விளையாட்டு

அந்தக் கசிவையே வேண்டுமென்று செய்தால் 'ரெட்ஸ்கேல்'. ஃபிலிமை இருட்டில் திருப்பிச் சுற்றி, முதுகு லென்ஸைப் பார்க்கும்படி போட்டு எடுப்பார்கள். ஒளி பட்டை வழியாக நுழைந்து சிவப்பு அடுக்கைத் தொட்டுவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போகும், படம் முழுக்கச் செம்மஞ்சளாக வரும். வழியில் ஒளி வீணாவதால் இரண்டு மூன்று ஸ்டாப் கூட்ட வேண்டும். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை 100 என்றோ 50 என்றோ வைத்து எடுங்கள். கூட்டக் கூட்ட மஞ்சளும் கொஞ்சம் பச்சையும் எட்டிப் பார்க்கும், குறைத்தால் ரத்தச் சிவப்பு.

இரட்டைப் படம் எடுப்பதற்குக் கணக்கு இன்னும் சுலபம். ஒரே ஃபிரேமில் இரண்டு முறை ஒளி விழப்போகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்டாப் குறையுங்கள். நான்கு முறை என்றால் இரண்டு ஸ்டாப். ஒரு படத்தின் இருட்டான பகுதியில்தான் மற்றதன் வெளிச்சமான பகுதி தெரியும். ஏற்கெனவே கறுத்த படிகத்தில் புதிதாக எழுத இடம் இல்லை. அதனால் வெளுத்த வானத்துக்கு எதிரே கறுத்த முக நிழலை முதலில் எடுத்து, பிறகு இலைகளையோ சுவர் எழுத்துகளையோ எடுத்தால், அவை அந்த முகத்துக்குள் மட்டும் வந்து நிற்கும்.

காலாவதி ஃபிலிமுக்கு வருவோம். நாள்பட நாள்பட ஃபிலிமின் உணர்திறன் குறைகிறது. இன்னொரு பக்கம் ஒளியே படாத படிகங்களில்கூடத் தானாகப் புள்ளி விழ ஆரம்பிக்கிறது, கழுவினால் ஃபிலிம் முழுவதும் மூட்டம் போட்டதுபோல் இருக்கும். நிழலில் இருக்கும் சன்னமான விவரம் இந்த மூட்டத்தில் மூழ்கிவிடும். அதற்கு மேலே விவரத்தைத் தூக்கி நிறுத்த வேண்டுமானால் அதிக வெளிச்சம் கொடுக்க வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் கிடந்த கலர் நெகட்டிவுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் என்பது கைக்கணக்கு. இருபது வருடம் கடந்த 400 ஃபிலிமை 100 என்று வைக்கலாம். உறைகுளிரில் வைத்திருந்தது என்றால் இவ்வளவு தேவையில்லை. வேகம் குறைந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் இன்னும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். 1960க்கு முந்தைய கறுப்பு வெள்ளை டப்பா கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதுவரை ஏஎஸ்ஏ எண்ணில் பாதுகாப்புக்காக ஒரு ஸ்டாப் ஒளித்து வைத்திருந்தார்கள். 1960இல் விதியை மாற்றியதும் கோடாக்கின் ட்ரை-எக்ஸ் ஃபிலிம் ஒரே நாளில் 200இலிருந்து 400 ஆனது, ஃபிலிம் மாறவில்லை. கோடாக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடாக்குரோம் கிடைத்தால் மட்டும் ஆசைப்பட வேண்டாம். அதைக் கலரில் கழுவிவந்த கடைசிக் கூடமும் 2010 முடிவோடு அந்த வேலையை நிறுத்திவிட்டது.

ஊசித்துளைக் கேமராவில் லென்ஸே இல்லை, ஆனாலும் எஃப் எண் உண்டு. துளைக்கும் ஃபிலிமுக்கும் 50 மில்லிமீட்டர், துளையின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்றால் வகுத்தால் 167 வரும். எஃப் 16இலிருந்து கிட்டத்தட்ட ஏழு ஸ்டாப் தள்ளி. ஐஎஸ்ஓ 100க்கு வெயிலில் 1/125 தேவைப்பட்ட இடத்தில் இங்கே ஏறக்குறைய ஒரு நொடி. வாயால் 'ஒன்று' சொல்லி மூடியைத் திறந்து மூடிவிடலாம்.

வெளிச்சம் குறைந்த இடத்துக்குப் போனால் நேரம் பல நொடிகளாகும். அங்கே கணக்கு வழுக்கும். ஒளி சொட்டுச் சொட்டாக வந்தால், படிகத்தில் சேர்ந்த முதல் ஒன்றிரண்டு அணுக்கள் அடுத்தது வருவதற்குள் கலைந்துவிடும். இதனால் ஒரு நொடிக்கு மேல் போகும்போது மீட்டர் சொல்வதைவிடக் கூடுதல் நேரம் தேவை. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமில் மீட்டர் 10 நொடி சொன்னால் சுமார் 20 நொடியும், 30 நொடி சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடமும் கொடுக்க வேண்டும். ஃபியூஜியின் ஆக்ரோஸ் இதில் விதிவிலக்கு, இரண்டு நிமிடம் வரை திருத்தமே தேவையில்லை.

'புஷ்' செய்வது என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். 400 ஃபிலிமை 1600 என்று வைத்து இரண்டு ஸ்டாப் குறைவாக எடுத்துவிட்டு, கழுவும் நேரத்தைக் கூட்டுவது. எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில், 20 டிகிரியில், ஏழரை நிமிடத்துக்குப் பதில் 14 நிமிடம் கழுவுவார்கள். இதனால் ஃபிலிமின் வேகம் கூடிவிட்டது என்று நினைப்பது தவறு. புள்ளி விழாத படிகம் 14 நிமிடத்திலும் கறுக்காது. நடுத்தர வெளிச்சமும் முகங்களும் மேலே வரும், நிழல் கறுப்பாகவே நிற்கும், கான்ட்ராஸ்ட் ஏறும். மேடைக் கச்சேரி, இரவுத் தெரு இதற்கெல்லாம் அந்தக் கறுப்பு அழகாகவே இருக்கும், அதைத் தெரிந்து செய்ய வேண்டும். கூடத்தில் கழுவக் கொடுப்பதானால் டப்பா மேலேயே '1600இல் எடுத்தது' என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வழக்கமான நேரத்தில் கழுவிவிடுவார்கள்.

சோதனை ரோல்

புதிதாகக் கைக்கு வந்த எந்தக் கேமராவுக்கும் ஒரு ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இதற்கு வசதி. வெயிலும் நிழலும் இரண்டும் இருக்கும் ஒரு காட்சியைப் பிடித்து, சன்னி 16 சொல்வதுபோல ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு குறைத்து ஒன்று, பிறகு ஒன்று கூட்டி, இரண்டு கூட்டி என்று ஐந்து படம் எடுங்கள். ஷட்டரை அப்படியே வைத்து அப்பர்ச்சரை மட்டும் நகர்த்துங்கள் (எஃப் 16இல் தொடங்காமல், அதே ஒளியைத் தரும் எஃப் 8இல் தொடங்கினால் இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கும்). பிறகு அதே சுற்றை வேறொரு ஷட்டர் வேகத்தில் எடுங்கள். எதை எப்படி வைத்தீர்கள் என்று வரிசையாகக் குறித்துவிடுங்கள்.

கழுவி வந்ததும் ஸ்கேனைப் பார்க்காதீர்கள். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தன் இஷ்டத்துக்குச் சரிசெய்துவிடும், ஐந்தும் ஒரே மாதிரி தெரியும். நெகட்டிவை வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். முதலில் ஓரத்தில் அச்சாகியிருக்கும் ஃபிலிம் பெயரையும் எண்களையும் பாருங்கள். அவை ஆலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவை நன்றாகக் கறுத்திருந்தால் கழுவியது சரி. அவையே மங்கலாக இருந்தால் குற்றம் கேமராவில் இல்லை, கழுவலில்.

அடுத்து காட்சியில் நிழலாக இருந்த இடத்தைத் தேடுங்கள். நெகட்டிவில் அது வெளிறிய பகுதி. இரண்டு குறைத்த படத்தில் அந்த இடம், ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் வெற்று ஃபிலிம்போலவே தெளிவாக இருக்கும். ஒவ்வொரு படமாக நகர்ந்து வாருங்கள். எந்தப் படத்தில் அந்த நிழலுக்குள் மெல்லிய சாம்பலில் ஏதாவது, ஒரு செங்கல் கோடோ இலை ஓரமோ, முதன்முதலாகத் தெரிகிறதோ, அதுதான் அந்தக் கேமராவுக்கான குறைந்தபட்சம்.

சன்னி 16 சொன்ன படத்திலேயே அது தெரிந்தால் கேமரா நேர்மையாக இருக்கிறது. ஒரு ஸ்டாப் கூட்டிய படத்தில்தான் தெரிகிறது என்றால், இனி அந்தக் கேமராவில் 400 ஃபிலிமை 200 என்றும், 100 ஃபிலிமை 50 என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வேகத்தில் சரியாகவும் இன்னொரு வேகத்தில் தவறாகவும் வந்தால் அந்த ஷட்டர் வேகம் மட்டும் கெட்டிருக்கிறது, அதை விட்டுவிட்டு மற்றதில் எடுக்கலாம். கிடைத்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கேமராவின் அடிப்பக்கம் ஒட்டிவையுங்கள். இரண்டாவது கேமரா வாங்கிய பிறகு எது எந்தப் பொய் சொல்லும் என்று நினைவிருக்காது.